புதுப்பிப்பு: மாமாவின் யாஷிகா எலக்ட்ரோ 35 கேமரா ஓடுகிறது!

மாமாவின் பழைய யாஷிகா ஃபிலிம் கேமராவுக்கு (ஜிஎஸ்என் மாடல்) பேட்டரி கிடைக்காமல் இங்கே கேட்டிருந்தேன் இல்லையா, வேலை முடிந்தது. அதன் 5.6 வோல்ட் பாதரச பேட்டரி இப்போது வருவதில்லை, அதனால் நீங்கள் சொன்னபடியே 6 வோல்ட் அல்கலைன் பேட்டரியை இடைவெளியை நிரப்ப ஒரு ஸ்பிரிங்கோடு சேர்த்துப் போட்டேன், வீட்டுக்குள் வைத்துப் பொத்தானை லேசாக அழுத்தியதுமே, வெளிச்சம் குறைவு என்று சொல்லும் மஞ்சள் விளக்கு எரிந்தது. அவ்வளவு சந்தோஷம்!

அப்புறம் வேலூர் கோட்டைக்குக் கொண்டுபோனேன். அகழி ஓரம் உட்கார்ந்திருந்த தாத்தாவிடம் கேட்டுக்கொண்டு, வியூஃபைண்டர் நடுவில் இரண்டாகத் தெரிந்த அவர் மூக்குக்கண்ணாடி ஒன்றாகச் சேரும்வரை லென்ஸ் வளையத்தைத் திருப்பி, ஃபோகஸ் செய்து படம் எடுத்தேன். அப்பர்ச்சர் (லென்ஸில் வெளிச்சம் நுழையும் துளையின் அளவு) மட்டும்தான் நம் கையில், ஷட்டர் வேகத்தை கேமராவே பார்த்துக்கொள்ளும். வெயிலில், வெளிச்சம் அதிகம் என்று சொல்லும் சிவப்பு விளக்கு எரிந்தால் அப்பர்ச்சரைக் குறைத்தால் போதும். 45 எம்எம் லென்ஸ், அப்பர்ச்சர் f/1.7 வரை அகலமாகத் திறக்கும், சாயங்கால வெளிச்சத்துக்கு அருமை. ஃபிலிம் கழுவக் கொடுத்திருக்கிறேன், வந்ததும் படங்களைப் போடுகிறேன்.