கொள்ளைநோய்ச் சட்டம்: நோயாளியைத் தனிமைப்படுத்தும் அதிகாரத்துக்கு வரம்பு வேண்டுமா?

வைகைக்கரையான்:
கொரோனா ஓய்ந்து இத்தனை வருடம் ஆகியும் நம்மிடம் இருப்பது 1897இல் போட்ட கொள்ளைநோய்ச் சட்டம்தான். பம்பாயில் பிளேக் பரவியபோது வெள்ளைக்கார அரசு அவசரமாகக் கொண்டுவந்தது. 'ஆபத்தான கொள்ளைநோய்' என்றால் எது என்று அதில் விளக்கமே கிடையாது. மாநில அரசு தேவை என்று நினைக்கிற நடவடிக்கையை எடுக்கலாம், மீறினால் தண்டனை, நல்லெண்ணத்தில் செயல்பட்ட அதிகாரி மேல் வழக்குப் போட முடியாது. அவ்வளவுதான். நோயாளிக்கு என்ன உரிமை என்று ஒரு வரி கூட இல்லை. 2020இல் திருத்தம் வந்தது; மருத்துவப் பணியாளரைத் தாக்கினால் 3 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை, கொடுங்காயம் என்றால் 7 ஆண்டு வரை. அது வேண்டியதுதான். ஆனால் அப்போதும் நோயாளியை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. இந்தச் சட்டம் போதாது என்று 2024இல் சட்ட ஆணையமே தன் 286ஆவது அறிக்கையில் சொல்லிவிட்டது.

புதுச் சட்டம் வந்தால், ஒருவரைத் தனிமைப்படுத்தும்போது எழுத்தில் காரணம், கால வரம்பு, மேல்முறையீடு மூன்றும் கட்டாயம் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. மற்றவர்கள் சொல்லுங்கள்.

களத்தில்_ஒருவன்:
சார், நான் சுகாதார ஆய்வாளராக வேலை பார்க்கிறவன். ஒரு சம்பவம் சொல்கிறேன். ஒரு குழந்தைக்குத் தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) உறுதியாகிவிட்டது. அந்த வீட்டில் இன்னும் இரண்டு பிள்ளைகள், தடுப்பூசி சரியாகப் போடவில்லை. தொண்டையில் மாதிரி எடுக்க வேண்டும், மாத்திரை கொடுக்க வேண்டும், கூட்டத்துக்குள் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்பா சொல்கிறார், "சாயங்காலம் கல்யாணத்துக்குக் கிளம்புகிறோம், பெட்டி கூட கட்டியாச்சு." நான் காரணத்தை எழுதி, மேலிடத்தில் கையெழுத்து வாங்கி, நகல் கொடுத்துக்கொண்டிருந்தால் பஸ் போயிருக்கும். கல்யாண மண்டபத்தில் எத்தனை கைக்குழந்தைகள் இருக்கும் என்று யோசியுங்கள்.

நம் மாநிலத்தில் 1939ஆம் ஆண்டு பொதுச் சுகாதாரச் சட்டம் இருக்கிறது. அந்த அதிகாரத்தைச் சொல்லித்தான் நிறுத்தினேன். அதிகாரம் தெளிவில்லாமல் இருக்கிறது என்கிறீர்கள். அடுத்து என்ன நோய் வரும் என்று தெரியாதபோது எதைத் தெளிவாக எழுதுவது? அந்த நெகிழ்வு இருந்ததால்தான் 2020இல் ஒரே வாரத்தில் வேலையைத் தொடங்க முடிந்தது.

செங்காந்தள்:
2020இல் எங்கள் வீட்டு வாசலில் தகரம் அடித்தார்கள். அம்மாவுக்கு மட்டும்தான் தொற்று, அதுவும் லேசானது. சுவரில் ஸ்டிக்கர், அதில் பெயர். எத்தனை நாள் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. போன் பண்ணினால் "மேலே கேட்டுச் சொல்கிறோம்". பால்காரர் தெருமுனையிலேயே பாக்கெட்டை வைத்துவிட்டுப் போய்விடுவார். அதை எடுத்துவர எங்களால் வெளியே போக முடியாது. தகரத்தைக் கழற்றிய பிறகும் பக்கத்து வீட்டில் பேச்சு நின்றுபோனது.

இதனால் என்ன நடந்தது தெரியுமா அண்ணா? அதே தெருவில் அடுத்து மூன்று வீட்டில் காய்ச்சல் வந்தது. யாரும் முகாமுக்குப் போகவில்லை. மெடிக்கலில் பாரசிட்டமால் வாங்கிப் போட்டுக்கொண்டு கமுக்கமாக இருந்துவிட்டார்கள். உரிய அதிகாரி பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் குறிப்பாக உத்தரவிட்டால் தவிர, வீட்டு வாசலில் போஸ்டர் ஒட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2020 டிசம்பரில். அதற்குள் எங்கள் பெயர் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

முத்து_கோவை:
அந்த மூன்று வீட்டுக்காரர்கள் செய்தது சரி என்கிறீர்களா? என் அப்பா இறந்ததே அப்படி மறைத்த ஒருவரால்தான். காய்ச்சலோடு கடைக்கு வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போனார். அவருக்கு அந்தரங்க உரிமை இருக்கிறது, சரி. என் அப்பாவுக்கு உயிர்வாழும் உரிமை இல்லையா? அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவு நோய் வந்தவருக்கு மட்டும் எழுதியதா? கவனக்குறைவால் தொற்றைப் பரப்பினால் 6 மாதம் வரை சிறை என்று பழைய தண்டனைச் சட்டத்திலும் இருந்தது, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இருக்கிறது. எத்தனை பேர் மேல் நடவடிக்கை எடுத்தார்கள்? இருக்கிற அதிகாரத்தையே பயன்படுத்தாமல் விட்டுவிட்டு அதற்கு வரம்பு வேறு போடச் சொல்கிறீர்கள்.

வைகைக்கரையான்:
முத்து, உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன். ஆனால் ஜெயில் பயம் காட்டினால் மறைப்பது கூடுமே தவிரக் குறையாது. புனேயில் 1897இல் பிளேக் அதிகாரி ராண்ட் சிப்பாய்களை வீடு வீடாக அனுப்பிச் சோதனை போட்டார். சனங்கள் நோயாளிகளை ஒளித்தார்கள். கடைசியில் சாபேக்கர் சகோதரர்கள் ராண்டைச் சுட்டது வரை போனது.

அது பழங்கதை என்றால் கோவாவைப் பாருங்கள். 1989இல் டொமினிக் டிசோசா என்பவர் ரத்த தானம் செய்யப் போய் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. போலீஸ் கூட்டிப் போய், கைவிட்ட காசநோய் விடுதிக் கட்டடத்தில் 64 நாள் அடைத்தார்கள். காற்றில் பரவாத நோய்க்கு! மாநிலப் பொதுச் சுகாதாரச் சட்டம் அதற்கு இடம் கொடுத்தது, உயர் நீதிமன்றமும் அந்தச் சட்டம் செல்லும் என்றது. 'நெகிழ்வான அதிகாரம்' என்பது இப்படித்தான் போய் முடியும். 2017இல் புட்டசாமி வழக்கில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் சொன்ன பிறகு, இனி அளவுக்கு மீறிய கட்டுப்பாடு நிற்காது.

மரு_இளவெயினி:
நான் காசநோய்ப் பிரிவில் வேலை செய்கிறேன். 2012 முதல் காசநோயை அரசுக்குத் தெரிவிப்பது கட்டாயம். 2018 அறிவிக்கையின்படி தெரிவிக்காத மருத்துவர், மருந்துக் கடைக்காரர் மேல் வழக்கே போடலாம். இதை நான் ஆதரிக்கிறேன். ஆனால் மாத்திரையை முழுசாகச் சாப்பிட வைப்பது சட்டம் இல்லை. சத்துணவுக்கு மாதம் 500 ரூபாய் என்று இருந்தது, 2024 நவம்பரிலிருந்து 1000 ஆனது. அதுவும், "உங்கள் முதலாளிக்குச் சொல்ல மாட்டோம்" என்ற உறுதியும்தான். நோயாளி முதலில் கேட்பதே அதைத்தான்.

முன்மாதிரி நம்மிடமே இருக்கிறது. 2017இல் வந்த எச்.ஐ.வி. சட்டத்தில் சம்மதம் வாங்கித்தான் பரிசோதனை, ரகசியம் காக்க வேண்டும், பாகுபாடு கூடாது, புகார் கேட்க மாநில அளவில் ஒருவர். அதையே மற்ற நோய்களுக்கும் நீட்டலாம்.

களத்தில்_ஒருவன்:
டாக்டர், அது அப்படியே பொருந்தாது. எச்.ஐ.வி. பக்கத்தில் உட்கார்ந்தால் தொற்றாது. தட்டம்மையும் தொண்டை அடைப்பானும் தொற்றும். சம்மதம் வரும்வரை காத்திருக்க முடியாது. அப்புறம், அதிகாரம் என்றாலே நோயாளிக்கு எதிரானது என்று எல்லோரும் பேசுகிறீர்கள். 2020 ஏப்ரலில் சென்னையில் கொரோனாவில் இறந்த மருத்துவரை அடக்கம் செய்ய விடாமல் கல்லெறிந்தார்கள். அதன் பிறகு அரசு அதே 1939 சட்டத்தில் அவசரச் சட்டம் மூலம் திருத்தம் செய்து, அடக்கத்தைத் தடுத்தால் 3 ஆண்டு வரை சிறை என்றது. இறந்தவரின் மரியாதையைக் காப்பாற்றியதும் அதிகாரம்தான்.

மரு_இளவெயினி:
நீங்கள் சொல்வது நியாயம். அதனால்தான் எல்லா நோய்க்கும் ஒரே அளவுகோல் கூடாது என்கிறேன். காற்றில் பரவுகிறதா, எத்தனை நாள் பரவும், சிகிச்சை இருக்கிறதா என்று பார்த்து அதிகாரம் படிப்படியாகக் கூட வேண்டும். 2022இல் ஜேக்கப் புலியேல் வழக்கில் உச்ச நீதிமன்றமும் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னது: யாருக்கும் வலுக்கட்டாயமாகத் தடுப்பூசி போடக் கூடாது, ஆனால் பொது நலனுக்காக அளவான கட்டுப்பாடு விதிக்கலாம்.

வைகைக்கரையான்:
களத்தில் நிற்கும் நண்பருக்கு ஒரு யோசனை. நிறுத்துவதை உடனே வாய்மொழியாகவே நிறுத்துங்கள், பஸ் போக வேண்டாம். 24 மணி நேரத்துக்குள் ஒரு பக்கத் தாள்: என்ன நோய், எந்தத் தேதி வரை, யாரிடம் முறையிடலாம். முறையீட்டைக் கேட்பவர் சுகாதாரத் துறை ஆளாக இருக்கக் கூடாது, நீதிமன்றத்தைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். இது உங்கள் வேலையைத் தடுக்குமா?

முத்து_கோவை:
தாள் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. தாள் வாங்கியவர் முறையீடு முடியும்வரை வெளியே சுற்றலாம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அதை நான் ஒருநாளும் ஏற்க மாட்டேன்.

களத்தில்_ஒருவன்:
தாள் கொடுக்க எனக்கு ஆட்சேபம் இல்லை. அதில் இன்னொரு வரியும் வேண்டும்: தனிமை நாட்களுக்கு யார் சம்பளம் தருவார்கள் என்று. தினக்கூலிக்காரர் என்னிடம் முறையீடு எங்கே என்று கேட்டதே இல்லை. "நாளைக்கு அரிசிக்கு என்ன பண்ணுவேன்" என்றுதான் கேட்பார். சுவர் ஏறிக் குதித்து வேலைக்குப் போனவர்களைப் பிடித்திருக்கிறேன். எல்லோரும் சொன்ன காரணம் அதுதான்.

செங்காந்தள்:
பெயரை வாசலில் ஒட்ட மாட்டோம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் சார். அந்த இரண்டும் இருந்திருந்தால் எங்கள் தெருவில் அந்த மூன்று வீட்டுக்காரர்களும் முகாமுக்கு வந்திருப்பார்கள்.