பம்ப் அடித்தும் முழு மூச்சு கிடைக்கவில்லையா? நீலகிரியிலிருந்து சில அனுபவங்கள்

குன்னூரிலிருந்து:

மருந்தை ஒழுங்காக எடுத்தும் ஆஸ்துமா அடங்காமல், டோஸ் மட்டும் ஏறிக்கொண்டே போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்கள் அனுபவத்தையும் கீழே சொல்லுங்கள்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங். காலையும் இரவும் இன்ஹேலர், அவசரத்துக்கு நீலப் பம்ப். டீ ஃபேக்டரியில் ஆபீஸ் வேலை. பனிக்காலத்தில் இளைப்பு கூடும், அது பழகிய கதை. ஆனால் கொஞ்ச வருஷமாக வந்தது வேறு மாதிரி. நெஞ்சில் விசில் சத்தம் கிடையாது, சளி கிடையாது. எவ்வளவு இழுத்தாலும் மூச்சு நிறையாது. கொட்டாவி மேல் கொட்டாவி வரும். போனில் நாலு வார்த்தை பேசினால் ஒரு பெருமூச்சு. விரல் நுனியும் உதட்டோரமும் மரத்துப்போகும். பம்ப் அடித்தால் கை நடுக்கமும் படபடப்பும்தான் மிச்சம். ராத்திரியில் ஆஸ்பத்திரிக்கு ஓடினால் விரலில் மாட்டும் கருவி ஆக்சிஜன் 98 என்று காட்டும். "ஒண்ணுமில்லம்மா, டென்ஷன்" என்று அனுப்பிவிடுவார்கள். மூச்சு கிடைக்காமல் தவிப்பவரிடம் ஒன்றுமில்லை என்று சொல்வது எவ்வளவு பெரிய கொடுமை!

கடைசியில் கோவையில் ஒரு நெஞ்சுநோய் டாக்டர்தான் பொறுமையாகப் பார்த்தார். ஊதும் டெஸ்ட் எடுத்தார். இன்ஹேலரைத் தன் முன்னால் அடித்துக் காட்டச் சொன்னார். மூக்கடைப்பு, நெஞ்செரிச்சல், தூக்கம் எல்லாம் விசாரித்தார். அப்புறம், "ஆஸ்துமா இருக்கு, அதுக்கு மருந்து வேணும். அதோட நீங்க மூச்சு விடுற விதமும் மாறிப்போயிருக்கு, அதுக்கு மருந்து கிடையாது, பயிற்சிதான்" என்றார். மூச்சு விடும் விதம் மாறியிருக்கிறதா என்று பார்க்க, நெதர்லாந்தின் நைமெகன் ஊர்ப் பெயரில் ஒரு கேள்வித்தாள் உண்டு. 16 கேள்வி, மொத்தம் 64 மதிப்பெண், 23-க்கு மேல் போனால் சந்தேகப்பட வேண்டும். எனக்கு 30-ஐத் தாண்டியது. ஆஸ்துமாக்காரர்களுக்கு நோயாலேயே சில கேள்விகளில் மதிப்பெண் ஏறும், அதனால் இதை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை என்றும் சொன்னார்.

பிசியோதெரபிஸ்ட் என்னைக் கண்ணாடி முன்னால் உட்காரவைத்து, ஒரு கையை நெஞ்சிலும் ஒரு கையை வயிற்றிலும் வைக்கச் சொன்னார். சாதாரணமாக மூச்சு விடுங்கள், எந்தக் கை நகர்கிறது பாருங்கள் என்றார். வயிற்றுக் கை அசையவே இல்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் மேலே ஏறுகிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது, வாய் திறந்தே இருக்கிறது. பழைய மூச்சு முழுதாக வெளியே போவதற்குள் அடுத்ததை இழுக்கிறேன். இப்படி வேகமாக இழுத்து இழுத்து விடும்போது உடம்பிலிருந்து கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறிவிடுமாம். மரத்துப்போவதும் தலை கிறுகிறுப்பதும் அதனால்தான். இன்னும் காற்று வேண்டும் என்று தோன்றும், இன்னும் வேகமாக இழுப்போம், தவிப்பு இன்னும் கூடும்.

பயிற்சி எளிதாகத்தான் தெரியும். வாயை மூடி மூக்கால் சின்னதாக எடுக்க வேண்டும், வயிறு எழ வேண்டும், எடுத்ததைவிட நிதானமாக விட வேண்டும், விட்டபின் ஒரு கணம் சும்மா இருக்க வேண்டும். அந்த ஒரு கணம்தான் கஷ்டம், செத்துவிடுவோமோ என்று இருக்கும். படுத்துக்கொண்டு, பிறகு உட்கார்ந்து, பிறகு நடந்துகொண்டு பழகினேன். இப்போது மார்க்கெட்டிலிருந்து காய்கறிப் பையோடு மேடு ஏறும்போது, இரண்டு எட்டுக்கு மூச்சை எடுத்து மூன்று எட்டுக்கு விடுகிறேன். நடுவில் நின்றாலும் பதறுவதில்லை.

இன்ஹேலரை யாரும் நிறுத்திவிடாதீர்கள். பிரிட்டனில் 655 பேரிடம் நடத்தி 2018-ல் வெளியான ஆய்வில், மூச்சுப் பயிற்சி செய்தவர்களின் அன்றாட வாழ்க்கை மேம்பட்டது, ஆனால் நுரையீரல் டெஸ்ட் அளவுகள் மாறவில்லை. அதாவது உள்ளே இருக்கும் ஆஸ்துமா அப்படியேதான் இருக்கிறது.

ஊட்டியிலிருந்து:

அக்கா, எனக்கும் ஆஸ்துமா என்றுதான் ரொம்ப நாள் மருந்து கொடுத்தார்கள். நான் சுற்றுலா வேன் ஓட்டுகிறேன். தைலக் கடைப் பக்கம் வண்டியை நிறுத்தினாலே அந்த நெடிக்குத் தொண்டையைப் பிடித்த மாதிரி ஆகிவிடும். மூச்சை உள்ளே இழுக்கும்போதுதான் சத்தம் வரும், வெளியே விடும்போது வராது. அது தொண்டையில்தான், நெஞ்சில் இல்லை. காது மூக்கு தொண்டை டாக்டர் மூக்கு வழியாகச் சின்னக் கேமரா விட்டுப் பார்த்தார். மூச்சை இழுக்கும்போது விரிய வேண்டிய குரல்நாண்கள் எனக்குச் சேர்ந்துகொள்கின்றன. பேச்சுப் பயிற்சி கொடுப்பவரிடம்தான் அனுப்பினார். அவர் சொன்னபடி மூக்கால் மெல்ல உறிஞ்சி, உதட்டைக் குவித்து விடுகிறேன். சீக்கிரமே அடங்கிவிடுகிறது.

இன்னொன்று. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிடக் கிட்டத்தட்டக் கால் பங்கு குறைவு. கீழேயிருந்து வருகிறவர்களுக்கு இங்கே கொஞ்சம் கூடுதலாக மூச்சு வாங்குவது இயல்பு. வண்டியில் வருபவர்கள் அதற்கே பயந்து வாயைத் திறந்து இழுக்க ஆரம்பிப்பதைப் பார்த்திருக்கிறேன். உட்காரச் சொல்லி, பேச்சுக் கொடுத்தால் பலருக்கும் சரியாகிவிடும்.

கோத்தகிரியிலிருந்து:

நான் நர்சாக இருந்து ரிட்டயர் ஆனவள். தம்பி, உட்காரவைத்துப் பேச்சுக் கொடுப்பது நல்லதுதான், ஆனால் உங்கள் வண்டியில் வருகிறவருக்கு ஆஸ்துமா இருந்தால் முதலில் அவருடைய பம்ப்பைக் கொடுங்கள். படபடப்பு மூச்சுக்கு முகத்தில் பேப்பர் பையை வைத்து மூச்சு விடச் சொல்லும் பழக்கம் இன்னும் இருக்கிறது. ஆஸ்துமாக்காரருக்கு அது ஆபத்து, தயவுசெய்து வேண்டாம்.

எது மூச்சு விடும் விதத்தால், எது நிஜ அட்டாக் என்று நோயாளியாலேயே எப்போதும் பிரிக்க முடியாது. ஒரு வாக்கியத்தை முடிக்க முடியவில்லை, உதடு நீலம் பூக்கிறது, பம்ப் கேட்கவில்லை அல்லது கேட்டாலும் 4 மணி நேரம்கூடத் தாங்கவில்லை, பீக் ஃப்ளோ மீட்டரில் (எவ்வளவு வேகமாக ஊத முடிகிறது என்று அளக்கும் சின்னக் கருவி) உங்கள் நல்ல நாள் அளவில் பாதிக்குக் கீழே வருகிறது என்றால் பயிற்சி செய்துகொண்டு உட்காராதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். நம் ஊர் ரோட்டில் வண்டி வர நேரமாகும், அதையும் கணக்கில் வையுங்கள். பம்ப்பை ஸ்பேசரோடு (பம்ப்பில் மாட்டும் குழாய் மாதிரி டப்பா) அடித்துக்கொண்டே காத்திருங்கள்.

கேத்தியிலிருந்து:

அம்மாவுக்கு வயது 58, இதே மாதிரி கொட்டாவியும் பெருமூச்சும் இருக்கிறது. யோகா வகுப்பில் கபாலபாதி சொல்லித் தருகிறார்கள். செய்யலாமா அக்கா?

குன்னூரிலிருந்து:

தம்பி, அது வேகமாக மூச்சைத் தள்ளும் பயிற்சி. ஏற்கெனவே அதிகமாக மூச்சு விடுகிறவர்களுக்கு வேண்டாம் என்றுதான் என் பிசியோ சொன்னார். நிதானமாக மூக்கால் எடுத்து நீளமாக விடுவதைச் செய்யலாம். ஆனால் முதலில் அம்மாவை நெஞ்சுநோய் டாக்டரிடம் காட்டுங்கள். பெருமூச்சுக்கு ரத்தசோகை, இதயக் கோளாறு போன்ற காரணங்களும் இருக்கலாம், அதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் இதற்கு வர வேண்டும். அம்மா இன்ஹேலர் போடுகிறவர் என்றால், போகும்போது எல்லாவற்றையும் பையில் எடுத்துக்கொள்ளுங்கள். மூச்சுத் தவிப்பு வரும் நேரத்தில் அம்மாவைப் போனில் சின்ன வீடியோ எடுத்து வையுங்கள், தோளும் கழுத்தும் தெரிகிற மாதிரி. டாக்டர் முன்னால் உட்காரும்போது அந்தத் தவிப்பு பெரும்பாலும் இருக்காது, வீடியோவைப் பார்த்தால் அவருக்குப் புரியும்.