கலைச்சொல் விவாதம்: டயட்டம் ஆய்வில் ‘ரெஃபரன்ஸ் சீக்வென்ஸ்’

ராயபுரத்திலிருந்து:

குழுவினருக்கு வணக்கம். காசிமேட்டுக் கடலில் நுண்வலையால் அரித்தெடுக்கும் மிதவை உயிரிகளுள் டயட்டம்களை (சிலிக்கா ஓடுடைய ஒற்றையணுப் பாசிகளை) டி.என்.ஏ. கொண்டு இனங்காண்பது பற்றிய எங்கள் கல்லூரிக் கையேடு திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். பெயர் உறுதிசெய்யப்பட்ட உயிரணுவிலிருந்து பெறப்பட்டு, புதிய டி.என்.ஏ. வரிசைகளோடு ஒப்பிடத் தரவுத்தளத்தில் வைக்கப்படும் ‘ரெஃபரன்ஸ் சீக்வென்ஸ்’ என்ற வரிசைக்கு ‘மேற்கோள் வரிசை’ என்று எழுதியிருந்தேன், மாணவி ஒருவர் “இது யார் சொன்ன மேற்கோள்?” என்று கேட்டதிலிருந்து எனக்கே அச்சொல் உறுத்துகிறது. வேறு சொல் சொல்லுங்களேன்.

திருவொற்றியூரிலிருந்து:

அம்மா, வள்ளுவர் 505ஆம் குறளிலேயே விடை வைத்திருக்கிறார்: “பெருமைக்கும் ஏனைச் சிறுமைக்கும் தத்தம் கருமமே கட்டளைக் கல்.” கட்டளைக் கல் என்பது பொன்னை உரைத்துப் பார்க்கும் உரைகல். ‘கட்டளை’ இன்று ஆணை என்றே பொருள்படுவதால் ‘உரைகல் வரிசை’ எனலாம். உரைத்த கல், உரைக்கின்ற கல், உரைக்கும் கல் என மூன்று காலமும் கரந்த வினைத்தொகை. வைத்திருக்கும் வரிசையோடு நேற்றும் இன்றும் நாளையும் ஒப்பிடுவதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் ஏது? கூடவே, மூடியும் அடியும் போலப் பொருந்திய இரு சிலிக்கா ஓடுகளை உடைய டயட்டமை ‘சிமிழ்ப்பாசி’ என்று அழைக்கவும் வேண்டுகிறேன்.

தண்டையார்பேட்டையிலிருந்து:

ஐயாவின் உவமை அழகானது, ஆனால் பொற்கொல்லர் செய்முறைப்படி பிழையானது. கல்லில் நகையை உரைத்தால் கீற்றுதான் விழும். அதன் மாற்றை, அதாவது பொன்னின் தரத்தை அறிய, மாற்று முன்பே தெரிந்த பொன்னால் ஆன உரையாணியையும் பக்கத்தில் உரைத்து இரு கீற்றுகளையும் ஒப்பிட வேண்டும். நம் ஆய்வில் கல்லின் இடத்தில் இருப்பது இனங்காணப் படிக்கும் மரபணு, அதாவது பசுங்கணிகத்தின் ஆர்.பி.சி.எல். மரபணுவோ உட்கருவின் 18எஸ் மரபணுவோதான். வைத்திருக்கும் வரிசை உரையாணி. எனவே ‘உரையாணி வரிசை’ என்பதே சரி. மாணவர்களுக்கு ஆணி என்றால் சுவரில் அடிப்பதுதானே என்பீர்கள். உயர்ந்த மாற்றுப் பொன்னை ஆணிப்பொன் என்னும் வழக்கை நாம் சொல்லிக் கொடுக்காவிட்டால் வேறு யார் சொல்லிக் கொடுப்பார்கள்?

எண்ணூரிலிருந்து:

முகத்துவாரத்து நீரை நுண்ணோக்கியில் பார்த்துப் பழகியவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். டயட்டம் பிரியும்போது இரு சேய்களும் ஆளுக்கோர் ஓடு எடுத்துக்கொண்டு மற்றதை உள்ளே சிறியதாக ஆக்கிக்கொள்வதால், தலைமுறைதோறும் சராசரி உருவளவு சுருங்கி, ஒரே இனம் பல அளவுகளில் கண்ணுக்குப் படுகிறது, டி.என்.ஏ.வை நாடுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் அங்கும் தவறு நேர்கிறது. ஸ்கெலெட்டோனீமா காஸ்டேட்டம் என்று ஒரே பெயரில் உலகெங்கும் வழங்கிவந்த டயட்டமை 2005இல் மறுஆய்வு செய்தபோது அதற்குள் பல இனங்கள் கலந்திருந்தது தெரியவந்தது. பழைய பெயரில் சேமித்த வரிசைகள் பலவற்றின் பெயரும் அதனால் பிழையாயிற்று. உரைகல்லும் உரையாணியும் பொய் சொல்லா என்பது மக்கள் நம்பிக்கை. அந்த நம்பிக்கையை இந்த வரிசைகளுக்கு நாமே பூசிவிடக் கூடாது. வளர்த்த உயிரணுவின் ஓட்டுப் படமும் அந்த ஓட்டை நிலையாகப் பதித்த கண்ணாடித்தகடும் உடன் இருந்தால்தான் ஐயம் எழும்போது பெயரைச் சரிபார்க்க முடியும். ஆகவே ‘சான்று வரிசை’ என்றும் வேண்டாம். ‘சான்று’ என்ற சொல்லை அந்தத் தகட்டுக்கு விட்டுவிட்டு, வரிசையை ‘ஒப்பு வரிசை’ என்று அடக்கமாக அழைப்போம்.

திருவொற்றியூரிலிருந்து:

‘ஒப்பு’ என்றால் ஏற்கெனவே ஒத்திருப்பது. ஒத்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு வைத்தது அன்று. குறைந்தது ‘ஒப்பீட்டு வரிசை’ என்றாவது எழுதுங்கள்.

ராயபுரத்திலிருந்து:

நால்வரில் மூவர் இசைந்ததால் ‘ஒப்பீட்டு வரிசை’ அச்சேறுகிறது. சிமிழ்ப்பாசியை முதல் இடத்தில் மட்டும் டயட்டமுக்குப் பக்கத்தில் சேர்த்திருக்கிறேன்.

தண்டையார்பேட்டையிலிருந்து:

நான் இசையவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். ஒப்பீடு என்பது செயலின் பெயர். எதை வைத்து ஒப்பிடுகிறோமோ அந்தப் பொருளுக்கு இன்னும் பெயரில்லை.