ஐ-864: நடப்புச் சம்பளம் போதுமா, கூட்டு ஸ்பான்சர் வேண்டுமா?

வணக்கம். மனைவியை அமெரிக்காவுக்கு அழைக்க நான் போட்ட ஐ-130 மனு ஒப்புதல் ஆகிவிட்டது, இப்போது நேஷனல் விசா சென்டருக்கு ஆவணங்கள் ஏற்ற வேண்டும், சிக்கல் ஐ-864-ல்தான் (வருகிறவரைப் பணரீதியாகத் தாங்குவேன் என்று ஸ்பான்சர் கொடுக்கும் உறுதிப் படிவம்). நான் அமெரிக்கக் குடிமகன். போன வருஷம் பாதி நாள் வேலை இல்லாததால் 1040 வரிப் படிவத்தில் மொத்த வருமானம், ஐ-864 கேட்கும் வறுமைக்கோட்டு அளவின் 125 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டது. புது வேலையின் சம்பளத்தைப் போட்டால் தாராளமாகத் தாண்டும். நடப்பு வருமானத்தைத்தான் முக்கியமாகப் பார்ப்பார்கள் என்று விளக்கக் குறிப்பில் படித்தேன், சரி, ஆனாலும் வரி டிரான்ஸ்கிரிப்டில் (வரித் துறை தரும் கணக்குச் சுருக்கம்) அந்தச் சின்னத் தொகையைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்குகிறது. ஆறு மாதச் சம்பள ரசீதும் வேலைக் கடிதமும் போதுமா?

இல்லாவிட்டால் அத்தான் கூட்டு ஸ்பான்சராக (என்னோடு சேர்ந்து பொறுப்பேற்பவராக) வரத் தயார், கிரீன் கார்டு வைத்திருக்கிறார். தனி வீடு என்பதால் ஐ-864ஏ (ஒரே வீட்டில் இருப்பவரின் வருமானத்தைச் சேர்க்கும் படிவம்) ஆகாது, அவரும் தனியாக ஒரு ஐ-864 போட வேண்டும், அவர் வீட்டு நான்கு பேரோடு என் மனைவியையும் சேர்த்து ஐந்து பேர் கணக்கு, இதுவரை சரிதானே? விவாகரத்து ஆனாலும் பொறுப்பு தீராது என்ற வரியை அவருக்குப் படித்துக் காட்டும்போது எனக்குத்தான் கூச்சம், அவர் சிரித்துவிட்டார்.

இதே நிலையில் இருந்தவர்கள் கூட்டு ஸ்பான்சர் படிவத்தை முதலிலேயே ஏற்றினீர்களா, நேர்காணலில் கேட்டபிறகு கொடுத்தீர்களா?