இருபது ஸ்டிக்கர்களிலும் ஒரே மைனா வர வழி உண்டா?

ஈசூன் வாசகி எழுதியது:

வணக்கம். சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்திலுள்ள ஒரு சமூக மன்றத்தில், தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்காகச் சனிக்கிழமைதோறும் நாங்கள் சிலர் தமிழ் வாசிப்பு வட்டம் நடத்தி வருகிறோம். வட்டத்துக்கு ஒரு சின்னம் வேண்டும் என்றபோது, புளோக்கின் கீழ்த்தளத்திலும் உணவங்காடியிலும் அன்றாடம் பார்க்கும் சாவக மைனாவையே பிள்ளைகள் தேர்ந்தெடுத்து, அதற்குக் கிண்கிணி என்று பெயரும் சூட்டிவிட்டார்கள். கழுத்தில் சிவப்புத் துண்டு கட்டிய கிண்கிணியை இருபது ஸ்டிக்கர்களாக்கி, பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் பயன்படுத்த விரும்புகிறேன்.

செயற்கை நுண்ணறிவுப் படக் கருவி தந்த முதல் படம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. விவரிப்பை அப்படியே வைத்துக்கொண்டு, நூல் படிக்கிறது, மழையில் குடை பிடிக்கிறது என்று செயலை மட்டும் மாற்றினேன். ஒவ்வொரு முறையும் வேறொரு பறவையே வந்தது. ஒன்றில் கொண்டையைக் காணவில்லை. ஒன்றில் கண்ணைச் சுற்றி மஞ்சள் ஏறிவிட்டது. ஒன்றில் துண்டின் முடிச்சு இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்குப் போய்விட்டது. இன்னொன்றில் சிறகுகளுக்குப் பதிலாக ஐந்து விரல்களோடு கைகள் முளைத்துவிட்டன. "வணக்கம்" என்று எழுதச் சொன்னால், எழுத்துகளைப் போலத் தோன்றும் கோடுகளே வருகின்றன. படங்களை வரிசையாகப் பார்த்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி, "இது கிண்கிணி, அது கிண்கிணியோட அக்கா, அது யாருன்னே தெரியல" என்றாள். அவள் சொன்னதில் பிழையே இல்லை. பிள்ளைகள் நேசிக்கும் ஒரு பாத்திரத்தை இப்படிச் சிதறவிட எனக்கு மனமில்லை. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

கோடும் வண்ணமும் எழுதியது:

வணக்கம். நான் சிறுவர் நூல்களுக்குப் படம் வரைபவன். குறை உங்கள் விவரிப்பில் இல்லை. இத்தகைய கருவிகளில் பல, தாறுமாறான புள்ளிக்கூட்டம் ஒன்றிலிருந்து தொடங்கி, நீங்கள் எழுதிய சொற்களுக்குப் பொருந்தும்வரை அதைப் படிப்படியாகத் தெளிவாக்கியே ஒரு படத்தைக் கொண்டுவருகின்றன. அடுத்த முறை புள்ளிக்கூட்டமும் புதிது, பறவையும் புதிது. "சிவப்புத் துண்டு கட்டிய சிறிய மைனா" என்ற சொற்களுக்கு ஆயிரம் மைனாக்கள் பொருந்தும். அவற்றில் ஏதோ ஒன்று உங்களுக்குக் கிடைக்கிறது. சீட் எனப்படும் தொடக்க எண்ணை மாற்றாமல் வைத்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். விவரிப்பும் மாறாதிருந்தால்தான் அந்த எண் அதே படத்தைத் தரும். செயலை மாற்றினால் பறவையும் மாறத் தொடங்கிவிடும்.

ஆகவே, சொற்களைவிடப் படத்தை நம்புங்கள். அசைவூட்டக் கலைஞர்கள் ஒரு பாத்திரத்தை எத்தனை பேர் வரைந்தாலும் உருவம் மாறாதிருப்பதற்காக, அதன் முன்புறம், பக்கவாட்டு, பின்புறம் ஆகியவற்றை ஒரே அளவில் வரைந்த தாள் ஒன்றை எல்லாருக்கும் கொடுத்துவிடுவார்கள். அத்தகைய தாள் ஒன்றைக் கிண்கிணிக்கும் முதலில் உருவாக்குங்கள். உங்கள் பிள்ளைகளில் ஒருவரைக் காகிதத்தில் வரையச் சொல்லி, அந்த ஓவியத்தைக் கருவியிடம் கொடுத்துச் செப்பமாக்கினால் இன்னும் நல்லது. ஜெமினி, சாட்ஜிபிடி ஆகியவற்றில் படத்தை ஏற்றி, "இதே பறவை குடை பிடிக்கட்டும்" என்று உரையாடலாகவே கேட்கலாம். மிட்ஜர்னி என்ற படக் கருவியும், பாத்திரத்தின் படத்தைக் கொடுத்து அதே உருவத்தைக் கேட்கும் பாத்திரக் குறிப்புப் பட வசதியை 2024 மார்ச் மாதத்தில் கொண்டுவந்தது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகக் கடைப்பிடியுங்கள்: ஒவ்வொரு ஸ்டிக்கருக்கும் அந்த மூலத் தாளையே கொடுங்கள். முதல் ஸ்டிக்கரைக் கொடுத்து இரண்டாவதையும், இரண்டாவதைக் கொடுத்து மூன்றாவதையும் கேட்டால், நகலை நகலெடுப்பதுபோல ஒவ்வொரு படியிலும் சிறு பிசகு சேர்ந்து, பத்தாவது படத்தில் கிண்கிணி அடையாளமே இல்லாமல் போய்விடும். நான் ஒரு முயல் பாத்திரத்தை இப்படித்தான் இழந்தேன்.

கண்ணைச் சுற்றிய மஞ்சளுக்கு வருவோம். சாவக மைனாவின் உடல் கருஞ்சாம்பல். அலகும் கால்களும் மஞ்சள். அலகுக்கு மேலே சிறு கொண்டை உண்டு. சிறகில் வெள்ளைத் திட்டு உண்டு. கண்ணருகே மஞ்சள் தோலும் பழுப்பு உடலும் உடையது தமிழ்நாட்டில் நாம் காணும் நாகணவாய். மைனா என்று மட்டும் எழுதினால் கருவி இரண்டையும் கலந்துவிடுவதற்கு வாய்ப்பு அதிகம். அதற்காக "மஞ்சள் வேண்டாம்" என்று எழுதாதீர்கள். பல கருவிகள் வேண்டாம் என்பதை விட்டுவிட்டு மஞ்சளைப் பிடித்துக்கொள்ளும். "கண்ணைச் சுற்றிலும் கருஞ்சாம்பல் இறகுகள்" என்று, இருக்க வேண்டியதைச் சொல்லுங்கள். துண்டின் முடிச்சை நடுக்கழுத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். ஒரு பக்கமாக இருக்கும் எந்த அடையாளமும், பறவை திரும்பும்போது இடம் மாறியே தீரும்.

பொங்கோல் கணினியர் எழுதியது:

மேலே நண்பர் சொன்னவற்றை அப்படியே வழிமொழிகிறேன். குறிப்புப் படத்தாலும் உருவம் நிலைக்காவிட்டால், லோரா என்ற முறை இருக்கிறது. 2021-இல், எழுத்தை உருவாக்கும் மொழி மாதிரிகளுக்காக முன்வைக்கப்பட்ட இம்முறை, பின்னர்ப் படக் கருவிகளுக்கும் பரவியது. கருவிக்குள் இயங்கும் பெரிய மாதிரியை முழுவதும் மாற்றாமல், உங்கள் பாத்திரத்துக்கான சிறு இணைப்பு ஒன்றை மட்டும் அது பயிற்றுவிக்கிறது. அதற்குக் கிண்கிணியின் சீரான படங்கள் ஏறத்தாழ இருபது தேவை என்பதால், இருபது ஸ்டிக்கர்களுக்காக அதில் இறங்குவது வீண் உழைப்பு என்றே நினைக்கிறேன். ஆண்டுக்கணக்கில் நூல்களுக்கும் பதாகைகளுக்கும் கிண்கிணி வேண்டுமென்றால், அப்போது யோசிக்கலாம்.

தமிழ் எழுத்தைக் கருவியிடம் கேட்கவே வேண்டாம். "கொ" என்ற ஓர் எழுத்தில் குறிகள் இரு பக்கமும் நிற்கின்றன. கருவி அதை எழுத்தாக அறியாமல் வடிவமாகவே வரைய முயலும்போது புள்ளியும் கொம்பும் இடம் தவறுகின்றன. நம் பிள்ளைகள் எழுத்துக் கற்கும் வயதில் பிழையான "வணக்கம்" அவர்கள் கண்ணில் படவே கூடாது. எழுத்தில்லாத படத்தைப் பெற்று, நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற யுனிகோடு எழுத்துருவில் நீங்களே சேருங்கள். கைப்பேசித் திரையில் ஸ்டிக்கர் மிகச் சிறியதாகவே தெரியும். இரண்டு சொற்களுக்கு மேல் படிக்க இயலாது.

வாட்ஸ்அப் தொகுப்புக்கு ஒவ்வொரு படமும் 512க்கு 512 பிக்சல் அளவில், வெப்பி (WebP) என்ற பட வடிவத்தில், 100 கிலோபைட்டுக்குள் இருக்க வேண்டும். ஒரு தொகுப்பில் 3 முதல் 30 ஸ்டிக்கர்கள் வரை அடங்கும். 96 பிக்சல் அளவில் தொகுப்புக்கான சிறு படம் ஒன்றும் தேவை. கிண்கிணியின் உடல் கருஞ்சாம்பல் என்பதை மறவாதீர்கள். இருண்ட பின்னணியில் வாட்ஸ்அப்பைப் பயன்படுத்தும் பெற்றோருக்கு அலகும் துண்டும் மட்டுமே தெரியும். பறவையைச் சுற்றி 8 பிக்சல் தடிமனில் வெள்ளை விளிம்பு வையுங்கள். இன்னொன்று: பின்னணி வேண்டாம் என்றால், சில கருவிகள் சாம்பல்-வெள்ளைக் கட்டங்களைப் பின்னணியாக வரைந்து கொடுத்துவிடும். ஒரே நிறப் பின்னணி கேட்டுப் பெற்று, பிறகு அதை நீக்குவதே பாதுகாப்பு.

ஈசூன் வாசகி எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. மூன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் ஓவியத்தையே மூலத் தாளாக்கினேன். முடிச்சை நடுவுக்கு மாற்றியதும் பாதிச் சிக்கல் தீர்ந்துவிட்டது. பதினான்கு ஸ்டிக்கர்கள் ஆகிவிட்டன. அந்த ஏழு வயதுச் சிறுமியும் எல்லாவற்றிலும் கிண்கிணிதான் என்று ஒப்புக்கொண்டாள். ஆனால் நூல் பிடிக்கும் படத்தில் மட்டும் இன்னும் கைகள் முளைக்கின்றன. மேலும், இப்படங்கள் யாருக்குச் சொந்தம் என்று ஒரு பெற்றோர் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

ஏடும் எழுத்தும் எழுதியது:

நான் பதிப்புத் துறையில் இருப்பவள், வழக்கறிஞர் அல்லள். கணினி நிரல்வழி உருவான குதிரைப் பந்தய அட்டவணைகள் பற்றிய ஒரு வழக்கில், பதிப்புரிமைக்கு மனிதப் படைப்பாளி இருக்க வேண்டும் என்று 2011-இல் சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. ஆகவே கட்டளையிட்டுப் பெற்ற படத்தைவிட, அந்த மாணவியின் ஓவியமே உங்கள் உரிமைக்கு உறுதியான அடித்தளம். அதைத் தேதியிட்டுப் பத்திரப்படுத்தி, பயன்படுத்துவதற்கு அவளுடைய பெற்றோரிடம் எழுத்தில் ஒப்புதல் பெறுங்கள். மரியாதை இயக்கத்தின் சின்னமாக 1982 முதல் நாம் அறிந்த சிங்கா சிங்கம் போன்ற பிறருடைய சின்னங்களைக் குறிப்புப் படமாகக் கொடுப்பதையும் தவிர்த்துவிடுங்கள்.

கோடும் வண்ணமும் எழுதியது:

கைகள் முளைப்பதற்குக் காரணம், "பிடிக்கிறது" என்ற சொல்தான். கருவி பார்த்துப் பழகிய படங்களில் நூலைப் பிடிப்பவை பெரும்பாலும் மனிதக் கைகளே. மூலத் தாளின் ஓரத்தில், சிறகின் நுனி மடங்கி ஒரு பொருளை அணைத்திருப்பதுபோல அந்த மாணவியையே இன்னொரு சிறு படம் வரையச் சொல்லிச் சேருங்கள். அதுவும் சரிவராவிட்டால், விரித்த நூலைத் தரையில் வைத்துவிட்டு, கிண்கிணி அதன்மேல் குனிந்து நிற்கட்டும். மைனா தரையில் எதையும் பார்ப்பது அப்படித்தானே.