பட்டி, பெயிண்ட், அந்துருண்டை: மதுரைப் பக்கம் 1/24 கார் கிட் கட்டுறவங்க அனுபவம்

திருநகர்:

நிஜக் காரில் 24-இல் ஒரு பங்கு அளவில் பிளாஸ்டிக் மாடல் கட்டும் நாம், அந்த 1/24 பாடியில் (காரின் வெளிக்கூட்டில்) என்னென்ன கோளாறு வந்தது, எதனால் வந்தது, எப்படிச் சரியானது, அதை மட்டும் அவரவர் ஊர்ப் பெயரில் எழுதுவோம். வாங்கிய கதை, விலைக் கதை வேண்டாம். நம்ம ஊரில் பாதி பாடி கெடுவது பெயிண்டில்தான் என்பதால் அதில் தொடங்குகிறேன்.

சித்திரை, வைகாசியில் மத்தியானம் ஸ்ப்ரே கேனைத் தொடாதீங்க. நிழலிலேயே 38, 40 டிகிரி இருக்கும்போது 25 செ.மீ. தள்ளிப் பிடித்து அடித்தால், பெயிண்ட் பாடியில் போய் உட்காருவதற்குள் தின்னர் காற்றிலேயே பறந்துவிடும். மேலே விழுவது வெறும் தூள்தான். காய்ந்தபின் விரலால் தடவினால் உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும். பானெட் நன்றாக வந்திருந்தாலும் கூரைத் தூண் பக்கமும் வைப்பர் பள்ளத்திலும் இது காட்டிக்கொடுத்துவிடும்.

காலை ஆறிலிருந்து எட்டுக்குள் அடிங்க. தூரத்தை 15 செ.மீ. அளவுக்குக் குறைங்க. முதலில் மெல்லிசாக இரண்டு தூவல், நடுவில் பத்து நிமிடம். மூன்றாவதுதான் ஈரக் கோட். அது போதுமா என்று பார்க்க எளிய வழி, மாடலின் கூரையில் விழும் டியூப் லைட் பிம்பம். ஓரம் உடையாமல் ஒரே கோடாகத் தெரிந்தால் கையை எடுத்துவிட வேண்டும். அதற்குமேல் ஒரு ஓட்டு ஓட்டினால் கதவுக் கோட்டுக்குக் கீழே வழிந்து நிற்கும். சந்தேகமிருந்தால் முதலில் ஐஸ்கிரீம் பிளாஸ்டிக் ஸ்பூன் முதுகில் அடிச்சுப் பாருங்க. அந்த வளைவும் பானெட் வளைவும் ஏறக்குறைய ஒன்றுதான்.

மேலூர்:

அண்ணே சொன்னது கோடைக்குச் சரி. ஐப்பசி, கார்த்திகையில் பிரச்சினையே வேறு. மழை ஈரத்தில் லாக்கர் (சீக்கிரம் காயும் பெயிண்ட்) அடித்தால் கறுப்பு பாடி சாம்பல் பூத்த மாதிரி வெளுத்துப்போகும். தின்னர் பறக்கும்போது மேல்பரப்பு குளிர்ந்துவிடுகிறது, காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்து உள்ளே மாட்டிக்கொள்கிறது. மேலே அடிக்கும் நிறமில்லாத கிளியர் கோட்டிலும் இதே கதிதான்.

பதறிப்போய் தேய்க்க வேண்டாம். வெயில் அடிக்கிற ஒரு நாள் வரை காத்திருந்து, மெதுவாகக் காயும் தின்னரை, மிஸ்டர் கலர் லெவலிங் தின்னர் மாதிரி, ஏர்பிரஷ்ஷில் (காற்றால் பெயிண்ட் தூவும் சின்னக் கருவி) மெல்லிசாக ஒரு தூவல் விட்டால் பெயிண்ட் கொஞ்சம் இளகி ஈரம் வெளியேறிவிடும். பெரும்பாலும் நிறம் திரும்பிவிடுகிறது.

ஏர்பிரஷ் வைத்திருப்பவர்களுக்கு: 0.3 மி.மீ. நாசில், காற்றழுத்தம் 15 முதல் 20 பி.எஸ்.ஐ., பெயிண்ட் ஒரு பங்குக்குத் தின்னர் இரண்டு பங்கு. மழை மாதத்தில் கம்ப்ரசரின் வாட்டர் டிராப்பை (காற்றிலுள்ள தண்ணீரைப் பிடிக்கும் குப்பி) நடுநடுவே காலி பண்ணாவிட்டால் நல்ல கோட்டின் நடுவில் ஒரு சொட்டுத் தண்ணீர் துப்பும்.

உசிலம்பட்டி:

எங்கள் பக்கம் ஆடிக் காற்றுதான் எமன். ஜன்னலைச் சாத்தினாலும் தூசி வரும். குளியலறைத் தரையையும் சுவரையும் நனைத்துவிட்டு, தூசி அடங்கியதும் அடிங்க. எக்ஸாஸ்ட் ஃபேன் கட்டாயம். கேஸ் கீசர் இருக்கிற குளியலறை என்றால் வேண்டவே வேண்டாம், ஸ்ப்ரே கேஸ் தீப்பிடிக்கும். துணி மாஸ்க் தூசிக்குத்தான், தின்னர் ஆவிக்கு கார்ட்ரிட்ஜ் மாஸ்க் வேண்டும். அடித்த கையோடு பாடியை ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பாவால் மூடிடுங்க. தூசி ஒட்டிவிட்டால் ஈரத்தில் நோண்டக்கூடாது. இரண்டு நாள் கழித்து 2000 வாட்டர் பேப்பரில் தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் போய்விடும். மடிப்பு ஓரங்களில் மட்டும் கை வைக்காதீங்க, அங்கேதான் பெயிண்ட் மெல்லிசு, சட்டென்று அடியிலுள்ள பிரைமர் கோட் தெரியும்.

திருப்பாலை:

எல்லோரும் பெயிண்டிலேயே நிற்கிறீர்கள். அதற்கு முன்னால் கெடுவதையும் சொல்கிறேன்.

ஸ்ப்ரூவோடு (பாகங்கள் ஒட்டிவரும் பிளாஸ்டிக் சட்டம்) சேர்த்து எல்லா பாகத்தையும் பாத்திரம் கழுவும் லிக்விட் போட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவணும். அச்சிலிருந்து கழற்ற அடித்த எண்ணெய் அதில் இருக்கும். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்த கையோடு பாடியை எடுத்துப் பார்ப்பவர்கள் பிரைமருக்கு முன் இன்னொருமுறை கழுவுவது நல்லது. மீன் கண் மாதிரி வட்ட வட்டமாகப் பெயிண்ட் விலகினால், பெயிண்டைத் திட்டுவதற்கு முன் கையைப் பாருங்க.

அடுத்தது பட்டி, அதாவது பள்ளம் நிரப்பும் பசை. டிங்கரிங் கடையில் போடும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பட்டியைப் போடலாம், ஆனால் மெல்லிசாக. ஒரே தடவையில் தடிமனாக அப்பினால் அதிலுள்ள தின்னர் கிட்டின் ஸ்டைரீன் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும், காய்ந்தபின் பள்ளமும் விழும். ஒரு மில்லிமீட்டர் பள்ளத்தை மூன்று தடவையாக நிரப்புங்க, ஒவ்வொன்றும் ஒரு இரவு காயட்டும். பிறகு 600, 1000 வாட்டர் பேப்பர். என்.சி. தின்னரைத் துணியில் தொட்டு பாடியைத் துடைப்பது மட்டும் கூடவே கூடாது. பளபளப்பு செத்து, கண்ணாடியில் விரிசல் விட்ட மாதிரி மயிர்க்கோடுகள் விழும்.

சிவப்பு பிளாஸ்டிக்கில் வரும் பாடிக்கு நேரடியாக வெள்ளை அடித்தால் சில நாளில் ரோஸ் ஆகிவிடும், பிளாஸ்டிக்கின் சாயம் மேலே ஏறிவரும். இடையில் ஒரு சில்வர் கோட் போட்டு அடைத்துவிட்டு வெள்ளைக்குப் போங்க.

வில்லாபுரம்:

கிட்டில் வரும் பிளாஸ்டிக் கண்ணாடிக்கு பெவிகுயிக் மாதிரி உடனடிப் பசை எதுவும் வேண்டாம். அதன் ஆவி கண்ணாடியில் படிந்து வெண்புகை பிடித்த மாதிரி ஆகும். பாடிக்குள்ளே ஒட்டி உடனே மூடினாலும் இதேதான். வெள்ளை பெவிகாலைப் பல்குத்தியால் தொட்டு வைத்தால் போதும். பிசகினாலும் ஈரத்துணியால் துடைத்துவிடலாம்.

குரோம் பம்பரில் பிளாஸ்டிக் ஒட்டும் சிமெண்ட் (மாடல் பசை) ஒட்டாது, ஒட்டுகிற இடத்தில் கத்தியால் குரோமைச் சுரண்டணும். ஸ்ப்ரூவிலிருந்து வெட்டி எடுத்த தழும்பு முன்பக்கமே தெரிகிறதா? மொத்தக் குரோமையும் எடுத்துவிடுவதே மேல். துணி வெளுக்கும் பிளீச்சில் ஒரு இரவு கிடந்தால் போய்விடும். அடியிலுள்ள வார்னிஷ் சில கிட்டில் நிற்கும். பிறகு பளபளக் கறுப்பு, அதன் மேல் குரோம் பெயிண்ட்.

ஒரு கிட்டின் வீலை இன்னொன்றில் மாட்டுபவர்கள் கவனிக்கணும்: டமியா, ஹசேகாவா, ஃபுஜிமி என்ற ஜப்பான் கம்பெனி கிட்கள் பெரும்பாலும் 1/24, அமெரிக்கப் பழைய கிட்கள் பெரும்பாலும் 1/25. அம்பாசடர் நீளத்துக்குக் கணக்குப் போட்டால் வித்தியாசம் ஏழு மில்லிமீட்டர்தான். ஆனால் டயர் வளைவுக்குள் அது கண்ணை உறுத்தும்.

திருமங்கலம்:

கட்டாமல் அடுக்கி வைத்திருக்கிறவர்களுக்கு இரண்டு விஷயம்.

பீரோவில் அந்துருண்டை போட்டிருந்தால் கிட்டை அங்கே வைக்காதீங்க. அதன் ஆவி பாலிஸ்டைரீனை இளக்கும். மூடிய பீரோவில் பாகங்கள் பிசுபிசுத்து ஒன்றோடொன்று ஒட்டிவிடும். பெட்டியை அரிக்கும் வெள்ளிப்பூச்சிக்குக் காய்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து போடுங்க, ஈரத்துக்கு சிலிக்கா ஜெல்.

மொட்டை மாடிக்கு நேர் கீழுள்ள பரணும் ஆகாது. சூட்டில் டயர்தான் முதலில் வம்பு பண்ணும். ரப்பர் என்று நாம் சொல்வது பெரும்பாலும் மென்மையான வினைல். அதை மென்மையாக்கும் எண்ணெய் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் ரிம்மையும் கண்ணாடியையும் அரித்துக் குழி போடும். பெட்டியைத் திறந்தவுடன் டயரைத் தனி ஜிப் கவரில் போட்டுவிடணும். கட்டி முடித்த வண்டியில் ரிம்முக்கும் டயருக்கும் நடுவில் மெல்லிய அலுமினிய டேப் ஒரு சுற்று.

மஞ்சளித்த டீக்கலை (தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் ஸ்டிக்கர்) ஜிப் கவரில் போட்டு வெயில் விழும் ஜன்னலில் நாலைந்து நாள் ஒட்டினால் வெளுத்துவிடும், நம்ம வெயிலுக்கு இந்த ஒரு புண்ணியம். தண்ணீரில் போடுமுன் தேவையில்லாத ஒரு சின்ன டீக்கலைப் போட்டுப் பாருங்க. சிதறினால், முழுத் தாளுக்கும் மேல் ஒரு கிளியர் கோட் அடித்து, காயவைத்து, ஓரம் ஒட்ட வெட்டி எடுக்கணும்.

திருநகர்:

பெயிண்ட் கெட்டால் எடுப்பது எப்படி என்று கேட்ட தம்பிக்கு: டூவீலர் கடையில் கிடைக்கும் பிரேக் ஆயிலில் பாடியை முங்கவிட்டு, சில மணி நேரம் கழித்துப் பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்க. கையுறை போட்டுக்குங்க, தோலுக்கு ஆகாது. முதலில் ஸ்ப்ரூத் துண்டு ஒன்றைப் போட்டுச் சோதிங்க. கண்ணாடிப் பாகம் எதுவும் பாடியோடு போய்விடக்கூடாது.