ஃபியூஜி ரா ஃபைலில் கிளாசிக் நெக் நிறம் ஜேபெக்கோடு பொருந்தவில்லை: எந்த வரிசையில் சரி செய்வது?

மாடவீதி_35:

கேமரா ஃபியூஜியின் எக்ஸ்-டி4, படத்திருத்த மென்பொருள் லைட்ரூம் கிளாசிக். ரா (சென்சார் பதிந்த மூலத் தகவல்), ஜேபெக் (கேமராவே முடித்துத் தரும் படம்) இரண்டும் சேர்த்தே எடுக்கிறேன். கேமராவில் வைத்திருப்பது: கிளாசிக் நெக் (பழைய ஃபிலிம் போன்ற நிறம் தரும் சிமுலேஷன்), டிஆர்400 (வெளிச்சப் பகுதி வெளுத்துப்போகாமல் காக்கும் டைனமிக் ரேஞ்ச் அமைப்பு), ஹைலைட் -1, ஷேடோ -1, கலர் +2, கலர் குரோம் எஃபெக்ட் ஸ்ட்ராங், வொயிட் பேலன்ஸ் டேலைட், அதில் ரெட் +2, ப்ளூ -4. கிரெய்ன் வீக்.

மயிலாப்பூர் கோயிலைச் சுற்றி, காலை 11 மணி வெயிலில் எடுத்த படங்கள். ரா ஃபைலைத் திறந்தால் ஒரு நொடி ஜேபெக் போலவே தெரிகிறது, உடனே நிறம் மாறிவிடுகிறது. புரொஃபைலில் (ராவை எந்த நிறச்சாயலில் காட்டுவது என்ற அமைப்பு) கேமரா கிளாசிக் நெக் தேர்ந்தெடுத்தாலும் நிழல் கறுத்துப்போகிறது, சாமந்தி மாலை கண்ணைக் குத்துகிறது, கோபுரத்துப் பச்சை வேறாக இருக்கிறது. எச்எஸ்எல்-ல் (ஒவ்வொரு நிறத்தின் சாயல், செறிவு, பிரகாசத்தைத் தனித்தனியாக மாற்றும் கலர் மிக்சர்) ஒவ்வொரு நிறமாக இழுத்துச் சரி செய்தால் அடுத்த படத்துக்கு அது ஒத்துவரவில்லை. எங்கே தொடங்க வேண்டும்?

அடையாறு_கர்வ்:

எச்எஸ்எல்-ல் தொடங்கியதுதான் சிக்கல். அது கடைசி வேலை. கர்வ் (நிழல் முதல் வெளிச்சம் வரை பிரகாசத்தைத் தீர்மானிக்கும் வளைகோடு) சரியாகாத படத்தில் நிறத்தைத் திருத்தினால், வெளிச்சம் மாறும் ஒவ்வொரு படத்திலும் அந்தத் திருத்தம் தவறாகத்தான் விழும்.

முதலில், நிறம் ஏன் தாவுகிறது என்று. ரா ஃபைலுக்குள் கேமரா ஒரு ஜேபெக்கையும் வைத்திருக்கும். லைட்ரூம் முதலில் காட்டுவது அதை. பிறகு தானே ரா தகவலைப் படித்து அடோபி கலர் புரொஃபைலில் வரைகிறது. பிரிஃபரன்சஸ் போய், பிரீசெட்ஸ் பக்கத்தில் ரா டீஃபால்ட்ஸ் என்பதை கேமரா செட்டிங்ஸ் என்று மாற்றிவிடுங்கள். இனி இறக்கும் படங்களுக்கு, கேமராவில் வைத்த சிமுலேஷனே புரொஃபைலாக வந்துவிடும். ஏற்கெனவே உள்ளவற்றுக்கு புரொஃபைலை மட்டும் சிங்க் செய்யுங்கள். ரீசெட் கொடுத்தால் செய்த வேலையெல்லாம் போய்விடும்.

ஆனால் அந்த புரொஃபைல் கொண்டுவருவது கிளாசிக் நெக்கின் அடிப்படையை மட்டும்தான். நீங்கள் கொடுத்த ஹைலைட், ஷேடோ, கலர், கலர் குரோம், கிரெய்ன் எதுவும் அதில் இல்லை. உங்கள் நிழல் கறுத்ததற்குக் காரணம் இதுதான்: ஷேடோ -1 ஜேபெக்கில் நிழலைத் தூக்கியிருக்கிறது, ராவில் யாரும் தூக்கவில்லை.

ஒப்பிட வசதி செய்துகொள்ளுங்கள். பிரிஃபரன்சஸ், ஜெனரல் பக்கத்தில் ஜேபெக்கைத் தனிப் படமாகக் கருதச் சொல்லும் கட்டத்தை டிக் செய்யாவிட்டால் ஜேபெக் பட்டியலிலேயே வராது. டிக் செய்து இறக்கியபின் டெவலப்பில் ஷிஃப்ட் + ஆர் அழுத்தினால் ரெஃபரன்ஸ் வியூ வரும். இடப்பக்கம் ஜேபெக், வலப்பக்கம் ரா. கேமராவின் பின்திரையோடு ஒப்பிடவே வேண்டாம்.

அடுத்தது டிஆர்400. இதில் கேமரா சென்சாரில் 2 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்) குறைவாகப் பதிந்து, ஜேபெக் செய்யும்போது நிழலையும் நடுப்பகுதியையும் மட்டும் மேலே கொண்டுவருகிறது. உங்கள் கேமராவில் ஐஎஸ்ஓ 640-க்குக் கீழே டிஆர்400 கிடைக்காததும் இதனால்தான். லைட்ரூம் அந்த 2 ஸ்டாப்பை ஈடுகட்டிவிடும், ஆனால் வெளிச்சப் பகுதியை ஜேபெக் போல மடக்காது. ஹைலைட்ஸ் ஸ்லைடரை -40 அளவில் தொடங்கி, வானமும் வெள்ளை வேட்டியும் ஜேபெக்கோடு சேரும்வரை இறக்குங்கள். சாமந்தியின் குத்தலில் பாதி இங்கேயே அடங்கும்.

வொயிட் பேலன்ஸில் ஐட்ராப்பரைத் தொடாதீர்கள். ரெட் +2, ப்ளூ -4 என்று நீங்களே வேண்டும் என்று கொடுத்த சாயலை அது துடைத்துவிடும். நடுத்தர வெளிச்சத்தில் உள்ள ஒரு சிமென்ட் தூணையோ கருங்கல்லையோ இரண்டு படத்திலும் சுட்டி, ஹிஸ்டோகிராமுக்குக் கீழே வரும் ஆர், ஜி, பி (சிவப்பு, பச்சை, நீலம்) எண்களைப் பாருங்கள். ஜேபெக்கில் ஆர் என்பது பி-யைவிட எவ்வளவு அதிகமோ, ராவிலும் அதே இடைவெளி வரும்வரை டெம்ப், டின்ட் இரண்டையும் நகர்த்துங்கள்.

பிறகு பாயின்ட் கர்வ். நிழல், நடு, வெளிச்சம் மூன்றிலும் ஒவ்வோர் இடம் எடுத்து எண்களைச் சேர்த்தால் போதும், பத்துப் புள்ளி வைக்காதீர்கள். கான்ட்ராஸ்ட் ஸ்லைடர் வேண்டாம். கர்வைத் தூக்கும்போது நிறச்செறிவும் மாறினால், புதிய பதிப்புகளில் அதன் கீழேயே ரிஃபைன் சாச்சுரேஷன் இருக்கிறது.

இத்தனைக்கும் பிறகு மிஞ்சும் நிற வேறுபாடு சிறியதாக இருக்கும். அதைத்தான் கலர் மிக்சரில் தொட வேண்டும்.

யூஎஸ்பி_கேபிள்:

அச்சு அசல் அதே நிறம்தான் வேண்டுமென்றால் கேமராவையே வேலை வாங்குங்கள். ஃபியூஜிஃபிலிம் எக்ஸ் ரா ஸ்டூடியோ இலவசம். கேமரா மெனுவில் பிசி கனெக்‌ஷன் மோடை யூஎஸ்பி ரா கன்வர்ஷன் என்று வைத்துக் கேபிளில் இணைத்தால், கணக்குப் போடுவது கேமராவின் பிராசஸர், கம்ப்யூட்டர் இல்லை. எக்ஸ்-டி4 என்பதால் 16 பிட் டிஃப் (ஜேபெக்கைவிட அதிக நிறத் தகவல் உள்ள பட ஃபைல்) ஆகவும் எடுக்கலாம். அதை லைட்ரூமில் போட்டுச் சிறு திருத்தம் செய்துகொள்ளலாம்.

வரம்புகள்: எந்த மாடலில் எடுத்த படமோ அதே மாடல்தான் இணைந்திருக்க வேண்டும். கேமராவில் இல்லாத சிமுலேஷன் இங்கேயும் வராது, எக்ஸ்-டி4-க்கு ரியாலா ஏஸ் கிடையாது. பேட்டரி நிறைய இருக்கட்டும்.

ஒரு எச்சரிக்கை. ஃபியூஜி தளத்தில் கிடைக்கும் எஃப்-லாக் எல்யூடிகளை (நிறம் மாற்றும் அட்டவணைகள்) ஸ்டில் படத்தின்மேல் போடாதீர்கள். அவை எஃப்-லாக் என்ற கான்ட்ராஸ்ட் குறைந்த வீடியோவுக்குச் செய்தவை. சாதாரணப் படத்தில் போட்டால் கான்ட்ராஸ்ட் இரட்டிப்பாகி முகம் கருகிவிடும்.

ராதெரபி_ரசிகன்:

லைட்ரூம் சந்தா இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. அடோபி டிஎன்ஜி கன்வர்டரை நிறுவினால் கேமரா புரொஃபைல் ஃபைல்கள் டிஸ்கில் வந்து உட்காரும். ராதெரபி என்ற இலவச மென்பொருளில் கலர் மேனேஜ்மென்ட், இன்புட் புரொஃபைல், கஸ்டம் என்று போய் எக்ஸ்-டி4 கோப்புறையில் உள்ள டிசிபி (கேமரா புரொஃபைல்) ஃபைலைக் காட்டுங்கள். லுக் டேபிள், டோன் கர்வ் இரண்டையும் டிக் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் சிமுலேஷனின் சாயலே வராது. டிக் செய்தால் ஆட்டோ மேட்ச்டு டோன் கர்வை (ஜேபெக்கைப் பார்த்து ராதெரபி தானே போடும் கர்வ்) அணைத்துவிடுங்கள். இரண்டும் சேர்ந்தால் ஒரே படத்தில் இரண்டு கர்வ் ஏறி நிழல் அடைத்துக்கொள்ளும்.

டிஆர் குறிப்பைப் படிக்காத மென்பொருள் எதுவாக இருந்தாலும் டிஆர்200 படம் 1 ஸ்டாப், டிஆர்400 படம் 2 ஸ்டாப் இருண்டு திறக்கும். ஃபைல் கெட்டுப்போகவில்லை, எக்ஸ்போஷரை அதே அளவு ஏற்றினால் சரி.

மாடவீதி_35:

அடையாறு சார், வரிசைப்படி செய்ததும் கோபுரம் ஏறத்தாழ ஒன்றாகிவிட்டது, மிக்க நன்றி. கலர் குரோம் விளைவு ராவிலும் வருவதற்காக ரெட், ஆரஞ்சு இரண்டின் லூமினன்ஸை (பிரகாசத்தை) குறைத்தேன். பட்டுப்புடவை சரியாக வந்தது, ஆனால் கட்டியிருப்பவர் முகமும் சேர்ந்து கறுக்கிறது.

அடையாறு_கர்வ்:

நம் மாநிறத் தோல் முழுக்க ஆரஞ்சில்தான் விழும். கலர் குரோம் செய்வது, செறிவு மிகுந்த நிறத்தை மட்டும் அழுத்துவது. தோல், செம்மண் போன்ற மங்கிய ஆரஞ்சை அது பெரிதாகத் தொடாது. லூமினன்ஸ் ஸ்லைடருக்கு அந்த வித்தியாசம் தெரியாது. அதை 0-க்குக் கொண்டுவந்துவிட்டு, பாயின்ட் கலரில் புடவையின் சிவப்பைத் தொட்டு எடுத்து, ரேஞ்சைக் குறுக்கி, லூமினன்ஸை -10 முதல் -15 வரை இறக்குங்கள். விஷுவலைஸ் ரேஞ்ச் டிக் செய்தால் முகம் சாம்பல் நிறத்தில் இருக்க வேண்டும். முகத்தில் நிறம் தெரிந்தால் ரேஞ்ச் இன்னும் குறுக வேண்டும்.

கிளாசிக் நெக்கில் நிழலுக்கு ஒரு சாயல், வெளிச்சத்துக்கு ஒரு சாயல். அதனால் பச்சையில் கொஞ்சம் மிஞ்சினால் ஹ்யூவை இழுக்காதீர்கள், கலர் கிரேடிங்கில் ஷேடோ சக்கரத்தை மட்டும் 3 அல்லது 4 அளவு நகர்த்திப் பாருங்கள்.

சாமந்தி, கனகாம்பரம் இரண்டிலும் மட்டும் ஜேபெக்கைத் துரத்த வேண்டாம். கலர் +2-ல் ஜேபெக்கின் சிவப்புச் சேனல் உச்சியை முட்டி, இதழ்கள் ஒரே அப்பலாகியிருக்கும். ராவில் இதழ் மடிப்பு இருக்கிறது. அதை விட்டுக்கொடுத்து ஜேபெக்கோடு ஒத்துப்போவதில் லாபம் இல்லை. அந்த நிறத்துக்கு சாச்சுரேஷன் -8 அளவில் நிறுத்தி, மடிப்பு தெரிகிறதா என்று 100 சதவீதத்தில் பார்த்துவிட்டு பிரீசெட்டாகச் சேமியுங்கள். சேமிக்கும்போது எக்ஸ்போஷர், வொயிட் பேலன்ஸ் இரண்டின் டிக்கையும் எடுத்துவிடுங்கள்.